அரை அங்குலம்

காப்பனோ விரிகுடாவில்
அக்டோபர் கடைசி வாரம். காற்றே இல்லை.
காற்றில்லாத ஓர் இரவுக்காக
பதினோரு நாள் வானிலை அறிக்கை கேட்டுக்கொண்டிருந்தோம்,
நானும் டெல்பர்ட்டும்.

தண்ணீர் முழங்காலுக்குக் கீழே.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
இங்கே ஆழம் தெரியும்,
அடியில் யார் படுத்திருக்கிறார் என்பதுதான் தெரியாது.
அதனால் காலைத் தூக்கி வைப்பதில்லை.
இருட்டில் செருப்பைத் தேடுகிறவர்கள் மாதிரி
இழுத்து இழுத்து நடக்கிறோம்.
வருகிறோம் என்று முன்னமே சொல்லிவிட்டால்
திருக்கை தன் முள்ளை எடுத்துக்கொண்டு விலகிவிடும்.
இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான்.
ஹாரன் அடிக்காமல் எந்த முனையிலும் திரும்பியதில்லை.

டெல்பர்ட்டின் இடது கண்ணை
மார்ச்சில் எடுத்துவிட்டார்கள்.
"இப்போது நானும் தட்டைமீனும் ஒரே கட்சி,
ஒரு பக்கம் மட்டும் பார்ப்போம்" என்றான்
மருத்துவமனை வாசலில்.
நான் சிரிக்கவில்லை.
பார்க்கிங் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கம்பில் கட்டிய விளக்கு தண்ணீருக்குள்.
இடுப்புக் கயிற்றில் மிதந்து வரும் பிளாஸ்டிக் தொட்டியில்
பாட்டரி, காபி பிளாஸ்க், அவனுடைய மாத்திரை டப்பா.
வெளிச்சம் ஒரு சாப்பாட்டு மேசை அளவு.
அதற்குள் வந்து போகின்றன
கடற்புல், உடைந்த ஆளி ஓடு,
இரண்டு கையையும் உயர்த்திச் சண்டைக்கு வரும் நீல நண்டு,
பைத்தியம் பிடித்துத் துள்ளி
என் தொடையில் மோதும் மடவை.
தட்டைமீன் மட்டும் வருவதில்லை.
அது ஏற்கெனவே அங்கே இருக்கிறது.

முதலில் கண்டதெல்லாம்
அது எழுந்துபோன இடங்கள்தான்.
மணலில் தட்டை வைத்து எடுத்த அச்சு,
வால் பக்கம் சின்ன விசிறி.
"படுக்கை இன்னும் சூடு" என்றான்.

பிறகு "அங்கே" என்றான்.
நான் மணலைப் பார்த்தேன்.
"அங்கேதான்."
மணல்.
அப்புறம் மணலில் இரண்டு மிளகு, அருகருகே.
அப்புறம்தான் அவற்றைச் சுற்றி ஒரு மீன்.

தூண்டில்காரர்கள் பிடித்துவிட்டு அளக்கலாம்,
சிறியது என்றால் மன்னிப்புக் கேட்டு விட்டுவிடலாம்.
ஈட்டி பிடித்தவர்கள் அளந்துவிட்டுப் பிடிக்க வேண்டும்.
அதுவும் தண்ணீர் வழியாக.
தண்ணீரோ எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்.
பதினைந்து அங்குலம், அதுதான் சட்டம்.
"பதினேழு" என்றான் டெல்பர்ட்.
எனக்குப் பதினாறு என்று பட்டது.
இரண்டு பேருக்குமாக மூன்று கண்கள்.
குத்தினேன்.

ஈட்டிக் கம்பிலேயே அவன் போட்டுவைத்த சிவப்புக் கோடு.
மீனை அதன்மேல் கிடத்தினோம்.
பதினான்கரை.
வாயை மூடி, வாலைக் குவித்துப் பிடித்தேன்.
பதினான்கரை.
"கொஞ்சம் இழுத்தால் வரும்" என்றேன்.
உண்மையில் இழுத்தும் பார்த்தேன்.
டெல்பர்ட் ஒன்றும் சொல்லவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்,
இரண்டு வில்லைகளையும்.

தண்ணீரில் இறக்கினேன்.
நீந்தத் தெரியாத பிள்ளைக்குச் செய்வதுபோல
அடியில் கைகொடுத்து ஒருமுறை தள்ளினேன்.
கண்ணுள்ள பக்கம் கீழே போக
வெள்ளைப் பக்கம் மேலே வந்தது.
உயிரோடு இருந்தவரை
மணலுக்கு மட்டும் காட்டிய வெள்ளை.
நண்டுகள் வந்தன.
அவற்றுக்கு அளவுகோல் கிடையாது.

அதற்குப் பிறகு இரண்டு கிடைத்தன,
பத்தொன்பதும் பதினாறும்.
அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை,
வெண்ணெயில் நன்றாக இருக்கும் என்பதைத் தவிர.

பன்னிரண்டரைக்கு பாட்டரி தீர்ந்தது.
கரையில் யார் வீட்டுத் தாழ்வார விளக்கோ,
அதைக் குறிவைத்து இருட்டில் காலை இழுத்து நடந்தோம்.
பாதி வழியில்
என் பூட்ஸுக்கு அடியில் ஏதோ ஒன்று
மெத்தென்று புரண்டு, அவசரப்படாமல் நகர்ந்தது.
நின்றேன்.
என் நடைச் சத்தம் நின்றதைக் கேட்டு
"என்ன?" என்றான் முன்னாலிருந்து.

"தெரியவில்லை" என்றேன்.
"அகலமாக இருந்தது."